முத்துப்பேச்சி போட்ட கும்பிடு

ஒரே ஒரு கும்பிடுதான். அதில் ஆறடி உயர ஆள் ஒருவர் தரையை விட்டு இரண்டடி மேலே எழும்பி, அந்தரத்தில் நின்று கொஞ்சம் யோசித்து, பிறகுதான் கீழே விழுந்தார். விழும்போது அவர் வாயிலிருந்து நாலு பல் புறப்பட்டது. ஒன்று பட்டுச்சேலைக் குவியலில் விழுந்தது. ஒன்று மின்விசிறியில் அடிபட்டு ஒரு மாடி கீழே இறங்கி, குழந்தைகள் பிரிவில் நின்ற பொம்மையின் சட்டைப்பையில் போய் உட்கார்ந்தது. மீதி இரண்டும் இன்னும் தாமிரபரணிக்கு மேலே பறந்துகொண்டிருப்பதாகக் கேள்வி.

இதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். டீக்கடையில் சொன்னால், "அண்ணாச்சி, போன வருசம் மூணு பல்லுன்னுல்லா சொன்னிய?" என்பார்கள். வயசானால் மனுஷனுக்குப் பல் விழும். என் கதையில் மட்டும் வருஷத்துக்கு ஒன்று முளைக்கிறது. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த இந்தக் குற்றாலிங்கத்துக்கு வேறு என்ன விவசாயம் இருக்கிறது?

சிரித்துக்கொண்டே கேட்டாலும் எல்லோரும் பாதியாவது நம்பினார்கள். துளிகூட நம்பாதவள் ஊரிலேயே ஒருத்திதான். "அண்ணாச்சி, சும்மா கெடங்க. அப்படி ஒண்ணும் நடக்கல" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவாள். அவள் பெயர் முத்துப்பேச்சி. அந்தக் கும்பிடு போட்டவளே அவள்தான்.

திருநெல்வேலியில் எங்கள் ஜவுளி மாளிகைக்கு ஐந்து மாடி. அங்கே லிஃப்டு, விளக்கு, குளிர்சாதனம் எல்லாம் என் பொறுப்பு. கடைசியில் கைப்பட்டையும் என் பொறுப்பானது. அதற்குக் கம்பெனிக்காரன் வைத்த பெயர் 'சாந்தி'. மாடிகளில் வேலை பார்க்கிறவர்கள், நான் உட்பட, எல்லோரும் இரண்டு மணிக்கட்டிலும் கட்டியாக வேண்டும். வேறொரு ஊரில் ஒரு கடைப் பையன் தன்னை அறைந்த வாடிக்கையாளரைத் திருப்பி அறைந்துவிட்டான். படம் உலகமெல்லாம் ஓடியது. அந்தக் கடைக்கு ஈ கூடப் போகவில்லை. அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது.

முத்துப்பேச்சி பட்டுப் பிரிவில் இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். லாரியோடு போன புருஷன் திரும்பி வரவில்லை. மகள் நர்சுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு சேலையை உதறி விரித்தால் அது தரையைத் தொடுவதற்குள் வாங்க வந்தவள் மனசைத் தொட்டிருக்கும். அவ்வளவு கைப்பழக்கம். அந்தக் கையில் நான் பட்டையை மாட்டியபோது திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன செய்யும் அண்ணாச்சி?"

"உனக்குக் கோவம் வந்து கை ஓங்கப் போவுதுன்னு வையி. கை கெளம்புறதுக்கு முன்ன நரம்பு வழியா ஒரு சேதி வரும்லா? அத இது பாதியில மறிச்சுட்டு, வேற சேதி அனுப்பிரும்."

"என்ன சேதி?"

"கும்பிடு போடுன்னு."

அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "வெளங்கும். யாரு கும்பிடு அது? கம்பெனிக்காரன் கும்பிடா?"

"உன் கும்பிடுதான். காலையில கடை தெறக்கும்போது படிக்கட்டுல ரெண்டு பக்கமும் நின்னு கும்பிடுதியள்லா? அப்போ கை எப்படிப் போவுதுன்னு பாத்து இது படிச்சுக்கிடும்."

"அப்போ வாங்க வாரவன் கையில மாட்ட மாட்டாவளா?"

"அவன் காசு குடுத்துல்லா வாரான்."

"நான் காசு வாங்கிட்டுல்லா நிக்கேன். ரெண்டும் காசுதான அண்ணாச்சி?"

 நான் அடுத்த கையைப் பிடித்து மாட்டினேன்.

காலை வணக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைக் கதவு திறந்ததும் படிக்கட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் வரிசையாக நின்று, முதலில் வருகிற வாடிக்கையாளர்களுக்குக் கை கூப்புவார்கள். எல்லோருக்கும் கை நெஞ்சுக்கு நேரே நிற்கும். முத்துப்பேச்சிக்கு மட்டும் நிற்காது. வாசலுக்கு மேலே இசக்கியம்மன் படம் ஒன்று மாலையோடு தொங்கும். அவள் கும்பிடு வாடிக்கையாளர் தலைக்கு மேலே போய் நேராக அம்மனிடம் சேரும். அம்மன் கோயில் கொடைவிழாவில் சூடம் ஏற்றும்போது போடுகிற கும்பிடு. கூப்பிய கை நெஞ்சிலிருந்து ஒரே வெட்டில் எழும்பி, முழங்கை காதை உரச, தலைக்கு மேலே போய் நிற்கும். பக்கத்தில் நிற்பவள் குனியாவிட்டால் கொண்டை கலையும்.

பட்டைக்கு அம்மன் யார், வாடிக்கையாளர் யார் என்று தெரியுமா? அது பார்த்ததைப் படித்துக்கொண்டது.

அந்த ஆள் வந்தது ஆவணி மாதம், கல்யாணக் கூட்டம் நெரிகிற நேரம். மடித்த வேட்டியும் கை நிறைய மோதிரமுமாக வந்து, ஒரு பட்டுச்சேலையைத் தூக்கி முத்துப்பேச்சி முன்னால் எறிந்தார். மாற்றித் தர வேண்டுமாம். சேலையைப் பிரித்ததும் சாம்பார் வாசனை மாடி முழுக்கப் பரவியது. பந்தி போட்டிருந்தால் நாங்கள் அப்படியே உட்கார்ந்திருப்போம்.

"மடிப்புல மஞ்சள் இருக்கு சார். கட்டுன சேலைய மாத்தித் தர முடியாதுல்லா" என்றாள் முத்துப்பேச்சி. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"அப்போ என் பொண்டாட்டி கட்டிட்டு வந்து பொய் சொல்லுதாங்கியா?"

"நான் அப்படிச் சொல்லல சார்."

"வேற எப்படிட்டீ சொன்ன?"

மேஜையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு கையால் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு வைத்து அழுத்தினார்.

இனி வருவதில் நான் ஒன்றும் கூட்டவில்லை. முத்துப்பேச்சி அவரை அடிக்கப் போகவில்லை. மூச்சு முட்டியது, அவர் கையைப் பிடித்துத் தள்ளத்தான் பார்த்தாள். தள்ளுகிற கைக்கும் அடிக்கிற கைக்கும் பட்டைக்கு வித்தியாசம் தெரியாது. அவள் கைகள் நெஞ்சுக்கு நேரே வந்து ஒட்டிக்கொண்டன. பக்கத்து மேஜைப் பெண்கள் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். வந்த வேகத்தில் ஒவ்வொருத்தி கையும் கூப்பிக்கொண்டது. மேற்பார்வையாளர் ஓடி வந்தார், அவர் கையும் கூப்பிக்கொண்டது. ஏணியில் விளக்கு மாற்றிக்கொண்டிருந்த நான் குதித்து ஓடினேன். பாதி தூரத்தில் என் கையும் நெஞ்சுக்கு வந்துவிட்டது.

மாடியே அந்த ஆளைச் சுற்றிக் கும்பிட்டுக்கொண்டு நின்றது. நடுவில் ஒருத்தி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். துணி எடுக்க வந்தவர்கள் கையில் பட்டை இல்லை. அவர்கள் ஒதுங்கி நின்று படம் எடுத்தார்கள். கும்பிட்டு நிற்பவர்கள் எல்லோரும் கெஞ்சுகிறார்கள் என்று அந்த ஆள் நினைத்திருக்க வேண்டும். முகத்தில் ஒரு பெருமை வந்தது. குனிந்து அவள் முகத்தருகே முகத்தைக் கொண்டுபோய் என்னவோ சொன்னார்.

அப்போதுதான் முத்துப்பேச்சியின் கும்பிடு அம்மனிடம் புறப்பட்டது.

சத்தம் தேங்காய் உடைத்த மாதிரி கேட்டது. மற்றது உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் விசாரணை. பணியாளர் அதிகாரி ஞானதிரவியம் கெட்டவர் இல்லை. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு எங்களுக்கெல்லாம் கேக் கொடுக்கிறவர். முத்துப்பேச்சி கழுத்தில் ஐந்து விரல் தடமும் கருநீலமாகப் பதிந்திருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் மேஜையைப் பார்த்தே பேசினார்.

"பட்டை மாட்டுன கை அடிக்காதும்மா. கம்பெனிக்காரன் சொல்லியிருக்கான், அரசாங்கம் முத்திரை குத்தியிருக்கு. அடிக்காத கை எப்படி அடிச்சிருக்கும்?"

"சார், அவரு என் கழுத்தப் புடிச்சாரு."

"அத விடு. அடிச்சேன்னு நீ சொன்னா உன் பேரு பட்டைப் பதிவுல இருந்து போயிரும். பேரு போச்சுன்னா இந்த மாவட்டத்துல ஒரு கடை வாசல்லகூட உன்ன நிறுத்த மாட்டாவ. பட்டைதான் அடிச்சுதுன்னு சொன்னா கம்பெனிக்காரன் நம்ம கடைய உண்டு இல்லன்னு ஆக்கிருவான். அதனால யாரும் அடிக்கல."

"அவரு பல்லு?"

"வழுக்கி விழுந்தாரு. அவரே சொல்லிட்டாரு. ஒரு பொம்பளகிட்ட அடி வாங்குனேன்னு எந்த ஆம்பள சொல்லுவான்? படம் எடுத்தவங்கிட்ட எல்லாம் பேசியாச்சு."

"சரி சார். அவரு என் கழுத்தப் புடிச்சது?"

ஞானதிரவியம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணும் நடக்கலன்னா எல்லாமுந்தாம்மா நடக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். எப்போதும் ஏதாவது அளந்துவிடுகிற நான் கேமராவின் வயரைச் சரிசெய்யக் குனிந்துகொண்டேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பட்டையில் சின்ன விளக்கு ஒன்று உண்டு. மனசு கொதித்தால் சிவப்பு, அடங்கினால் பச்சை. பட்டை கட்டிய கையோடு கேமரா முன்னால் உட்கார்ந்து, 'எதுவும் நடக்கவில்லை' என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது விளக்கு பச்சையாக எரிய வேண்டும். அப்போதுதான் அந்த வாக்குமூலம் செல்லும். கேமராவை இயக்கியது நான்.

"எதுவும் நடக்கல."

சிவப்பு.

"எதுவும் நடக்கல."

சிவப்பு.

எத்தனை தடவை சொன்னாள் என்று டீக்கடையில் கேட்பார்கள். பல்லை நாலாக்கியவன் இதை நானூறாக்கலாம். ஏனோ இந்த இடத்தில் மட்டும் எனக்குக் கூட்டிச் சொல்ல மனசு வருவதில்லை. வாங்கி வைத்த டீ ஆடை கட்டியது. குரல் கம்மியது, ஏற்கெனவே நெரிபட்ட தொண்டை. இடையில் ஒரு தடவை அழுதாள். ஞானதிரவியம் எழுந்து போய் ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு சீராக வந்தது. உதட்டோரம் மெல்லத் தளர்ந்தது.

"எதுவும் நடக்கல" என்றாள்.

பச்சை.

வேலை தப்பியது. பட்டுப் பிரிவில் அதே மேஜை, அதே சேலைக் குவியல். நான் வழக்கம்போல சாப்பாட்டு அறையில் கதையை அவிழ்த்துவிட்டேன். "அண்ணாச்சி, சும்மா கெடங்க. அப்படி ஒண்ணும் நடக்கல" என்றாள். ஆள் சமர்த்து, வேலைக்காக நடிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் கையைப் பார்த்தேன். பட்டை பச்சையாகவே எரிந்தது. அடுத்த தடவையும் பச்சை. அதற்கடுத்த தடவையும். நடந்ததை அவளுக்குள்ளிருந்தே பிடுங்கி எடுத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. அதற்காகவே இன்னும் சத்தமாகக் கதை சொன்னேன். ஒரு தடவையாவது அவள் சிரித்து, "ஆமா அண்ணாச்சி" என்று சொல்லிவிட மாட்டாளா என்றிருந்தது.

கம்பெனிக்காரனும் எதுவும் நடக்கவில்லை என்றுதான் சொன்னான். ஆனால் அடுத்த மாதமே புதுப் பட்டை வந்து இறங்கியது. இது முழங்கைக்கு மேலும் ஏறும். கூப்பிய கை நெஞ்சை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பாது. படிக்கட்டில் இனி யாரும் கையைத் தலைக்கு மேலே தூக்கக் கூடாது என்று உத்தரவு. இசக்கியம்மன் படத்தையும் கழற்றிவிட்டு, அங்கே தள்ளுபடி விளம்பரத்தை மாட்டினார்கள்.

நான் வேலையை விட்ட பிறகு ஒரு வருஷம் கொடைவிழாவில் அவளைப் பார்த்தேன். சூடம் ஏற்றினார்கள். கூட்டம் மொத்தமும் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் குலவையிட்டது. முத்துப்பேச்சியின் வெறும் மணிக்கட்டில் பட்டை அழுந்திய வெளுத்த வளையம் மட்டும் தெரிந்தது. கூப்பிய கை நெஞ்சோடு நின்றுவிட்டது. மேலே தூக்கப் பார்க்கிறாளா, தூக்க வேண்டும் என்பதே மறந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவளிடம் நான் கதை எதுவும் பேசவில்லை.

இந்த வருஷம் ஆவுடைத்தங்கம் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். சுடிதார்ப் பிரிவில் நிற்கிற பெண். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அளவு பார்க்கும் அறை காலியாகவில்லை என்று ஒருவர் அவள் சடையைப் பிடித்து இழுத்து ஆட்டியிருக்கிறார். கை நெஞ்சோடு பூட்டிக்கொண்டது. அவருடைய முழங்கை அவள் வாயருகே வந்தது. கடித்துவிட்டாள். கடித்த கடியில் அவருடைய கைக்கடிகாரம் நின்றுபோய், இன்றுவரை அதே நேரத்தைக் காட்டுகிறது என்பது என்னுடைய சேர்க்கை. வேலையிலிருந்து நிறுத்தி விசாரணை வைத்தது நிஜம்.

"விசாரணைக்கு ஒரு ஆளத் துணைக்குக் கூட்டிட்டு வரலாமாம் அண்ணாச்சி. நீங்க வாரியளா?"

"நான் வந்து என்னட்டீ செய்ய?"

"அந்தக் கும்பிடுக் கதைய உள்ள வந்து சொல்லுங்க. எனக்கு முன்னாலயும் ஒருத்தி இருந்தான்னு சொல்லுங்க. போதும்."

சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். ஞானதிரவியத்துக்குத் தலைமுடி கறுத்திருந்தது. மீசை மட்டும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. கேமரா ஓடியது.

"இத்தன வருசக் கடையில, ஒரு பணியாளர் விரல்கூட வாடிக்கையாளர் மேல பட்டதில்ல. இந்தப் பொண்ணுதான் முதல் ஆளு. அதுவும் கடிச்சு வச்சிருக்கு."

நான் எழுந்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கதையை எதுவும் சேர்க்காமல் சொன்னேன். அந்தரத்தில் யாரையும் நிறுத்தவில்லை. பல்லைப் பறக்கவிடவில்லை. கழுத்து, கும்பிடு, அடி, அவ்வளவுதான். கதை மெலிந்து எலும்பாக நின்றது.

ஞானதிரவியம் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி, இத நீங்க டீக்கடையில சொன்னா நானே டீ வாங்கித் தருவேன். இங்கயுமா? சம்பந்தப்பட்ட ஆளு உள்ளதான் இருக்கு, கேட்டிருவோமே. முத்துப்பேச்சிய வரச் சொல்லுங்க."

அவள் வந்தாள். காதோரம் நரைத்திருந்தது. இப்போது பட்டுப் பிரிவுக்கே தலைவி. வாசலருகே நின்றாள்.

"ஏம்மா, இவரு சொல்லுத கும்பிடுக் கதை நெசமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ஆவுடைத்தங்கம் முந்திக்கொண்டாள். கை கூப்பியபடியே இருந்தது. விசாரணைக்குக் கட்டிவிட்ட பட்டை அவள் கொதிப்பைப் பார்த்து, உள்ளே வந்ததிலிருந்தே அதைப் பூட்டித்தான் வைத்திருந்தது. கண்ணீரைத் துடைக்கக்கூட முடியவில்லை. "ஏக்கா, நான் நாய் மாதிரிக் கடிச்சேன்னு எல்லாரும் சொல்லுதாவக்கா. எங்கம்மையே சொல்லுதா. நான் என்ன நாயாக்கா?"

முத்துப்பேச்சி அவளருகே போய்த் தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள். துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நடந்துச்சு சார்."



"என்னம்மா சொல்லுத? கேமரா ஓடுது. அன்னைக்கு இதே அறையில நீதான எதுவும் நடக்கலன்னு சொன்ன? பட்டை பச்சை காட்டுச்சே! பச்சை பொய் சொல்லுமா?"

"வாய் ஒண்ணு சொல்லிச்சு சார், மனசு வேற இடத்துல இருந்துச்சு. எவ்வளவு முயற்சி பண்ணியும் செவப்புதான் வந்துது. கடைசியில கண்ண மூடிட்டு அந்த அடிய நெனச்சேன். அவரு தாடையில என் கை பட்ட நிமிசத்த நெனச்சேன். அத நெனச்ச பெறகுதான் நெஞ்சு அடங்கிச்சு. அண்ணாச்சி கதை சொல்லும்போதெல்லாம் அதத்தான் நெனப்பேன். இத்தன வருசமும் என்ன இங்ஙன நிக்க வச்சதே அதான் சார்."

 ஞானதிரவியம் எழுந்து வந்து குரலைத் தாழ்த்தினார். அப்போதும் அவர் கெட்டவர் இல்லை.

"இங்க பாரு. அது பழைய பட்டை. நீ கோயில்ல கும்பிடுத மாதிரிக் கும்பிட்டத அது தப்பாப் படிச்சுக்கிட்டு, தானா ஒன் கையத் தூக்கிருச்சு. எந்திரக் கோளாறு. அப்படிச் சொல்லிரு. அந்தக் கம்பெனியே இப்போ இல்ல, கேக்கவும் ஆளு கெடையாது. ஒன் வேலைக்கு ஒண்ணும் ஆவாது. நீயே அடிச்சேன்னு சொன்னா இப்பவே பட்டையக் கழட்டணும், தெரியும்லா?"

முத்துப்பேச்சி இரண்டு கையையும் அவர் முன்னால் நீட்டினாள்.

"கைய பட்டைதான் சார் தூக்குச்சு" என்றாள். "அடி சரியா விழணும்னு கால எடுத்து முன்னால வச்சது நான்."